அடுப்புக்கும் குழந்தைக்கும் நடுவே

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குழந்தை நலம் தொடர்பாக எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அமைப்பாளர்கள் எனக்கு உரிமை தந்தார்கள். வீட்டுத் தீயிலிருந்து குழந்தைகளைக் காப்பது பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். தீக்காயப் பிரிவில் பணியாற்றிய மருத்துவர் என்ற முறையில், அறுவை அரங்கில் நான் செய்த வேலையின் பெரும்பகுதி நடந்திருக்கவே வேண்டாத வேலை என்பதை நான் அறிவேன். அதைப் பொதுமேடையில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

வார்டுக்கு ஒரு குழந்தை வந்ததும், விபத்து எப்படி நடந்தது என்று எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் தாய் தலையைக் குனிந்துகொள்வாள். பின்னால் நிற்கும் கணவரோ மாமியாரோ, "இவ பாத்துக்கல டாக்டர்" என்று முந்திக்கொள்வார்கள். மறுநாள் செய்தித்தாளிலும் தாயின் கவனக்குறைவு என்றுதான் வரும். அந்த நிமிடத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று பொறுமையாகக் கேட்டால் பதில் கிடைக்கும். சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்குக் கிளம்பும் மூத்த பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டு வாசலுக்குக் குடத்தோடு ஓடினாள். ஒரு குழந்தை கையை நீட்டிப் பாத்திரத்தை இழுக்க இரண்டு நொடி போதும். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஒரு நொடியும் கண் விலகாமல் பார்த்துக்கொண்டிருக்க எந்த மனித உயிராலும் ஆகாது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தாயின் கண்காணிப்பை மட்டும் நம்பிக் குழந்தையைத் தீயிலிருந்து காக்க முடியாது. அடுப்பு இருக்கும் உயரம், குழந்தை இருக்கும் தூரம், விளக்கின் வடிவம், குளிக்கும் நீரின் சூடு ஆகியவற்றை மாற்றினால் காக்க முடியும். அவற்றை மாற்றும் பொறுப்பு தந்தைக்கு, வீட்டு உரிமையாளருக்கு, கொத்தனாருக்கு, பொருளைச் செய்து விற்பவருக்கு, அரசுக்கு எல்லாம் உண்டு.

எது சுடுகிறது?

வீட்டுத் தீ என்றதும் கூரை பற்றி எரியும் காட்சிதான் பலருக்கும் நினைவில் வரும். ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுவருவதில் முன்னால் நிற்பவை தீயில் காய்ந்த திரவங்கள். இறக்கிவைத்த சாம்பார், வடித்த கஞ்சி, குளிக்க வைத்த வெந்நீர், வடை சுட்ட எண்ணெய், பாயசம். வெறும் வெந்நீர் தோலில் பட்டு வழிந்து ஓடிவிடும். பருப்பும் புளியும் சேர்ந்து கெட்டிப்பட்ட குழம்பு ஒட்டிக்கொண்டு சூட்டை உள்ளே இறக்கும். பாயசத்தின் வெல்லப்பாகு அதைவிட மோசம். பொரிக்கும் எண்ணெயின் வெப்பம் கொதிநீரைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு இருக்கும். டம்ளரில் ஊற்றிக் கால் மணி நேரம் ஆன தேநீர்கூடக் கைக்குழந்தையின் தோலைக் கொப்பளிக்கச் செய்யும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயத்தால் இறக்கிறார்கள். பெரும்பாலோர் நம்முடையதைப் போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நடுத்தரமான அல்லது கடுமையான தீக்காயம் ஏற்படுவதாக அதே நிறுவனம் சொல்கிறது. இறப்பவர்களை மட்டும் எண்ணினால் உயிர் பிழைத்து வடுவோடு வளரும் பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள்.

குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைச் சிறிதாக்கிச் செய்தது அன்று. முதலில் தோல். 1947இல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எந்த வெப்பம் எவ்வளவு நேரத்தில் தோலை அழிக்கும் என்று அளந்தார்கள். 60 டிகிரி செல்சியஸ் நீர் வளர்ந்த மனிதரின் தோலை ஏறத்தாழ 5 நொடியில் முழு ஆழத்துக்குச் சுட்டுவிடுகிறது. 49 டிகிரி நீருக்கு அதே வேலையைச் செய்யப் பல நிமிடங்கள் ஆகின்றன. குழந்தையின் தோல் மெல்லியது என்பதால் இந்த நேரம் இன்னும் குறையும். சூடு என்று உணர்ந்து கையை எடுக்கப் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு வயதுக் குழந்தை உறைந்துபோய் நின்றுவிடும்.

அடுத்தது உடலின் விகிதம். நம் தலையும் கழுத்தும் சேர்ந்து உடல் பரப்பில் 9 சதவீதம். கைக்குழந்தைக்குத் தலை மட்டுமே அதைப்போல் இரு மடங்கு. அண்ணாந்து பார்த்துக்கொண்டே பாத்திரத்தை இழுக்கும் பிள்ளைக்கு முகம், கழுத்து, மார்பு, நீட்டிய கை ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் வெந்துவிடும். உடல் பரப்பில் 10 சதவீதத்தைத் தாண்டினாலே குழந்தைக்கு நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டிய நிலை வரும். விரல்களோடு சேர்த்த அதன் உள்ளங்கை ஏறத்தாழ 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பத்து உள்ளங்கை அளவுக் காயம் என்பது எவ்வளவு சுருக்கில் வந்துவிடும் என்று புரியும்.

மூன்றாவது, வடு. ஆழமாக வெந்த இடத்தில் உருவாகும் வடு குழந்தை வளரும்போது கூடவே வளராது. எலும்பு நீள, வடு இழுக்கும். விரல் மடங்கிப் போகும், கழுத்து ஒரு பக்கம் சாயும், முழங்கை நீளாது. இரண்டு வயதில் கொட்டிய ரசத்துக்காகப் பதினைந்து வயதுவரை அறுவை அரங்குக்கு வந்துபோகும் பிள்ளைகள் உண்டு. ஒவ்வொரு முறையும் பள்ளி விடுப்பு, தந்தையின் கூலி இழப்பு, பயணச் செலவு. பெண் பிள்ளையாக இருந்தால் ஊராரின் பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டைச் சுற்றி ஒரு நடை

இனி நம் வீடுகளுக்குள் போவோம். ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நம் நகரங்களில் லட்சக்கணக்கானோர் அப்படித்தான் வாழ்கிறார்கள். மூலையில் தரையில் அடுப்பு. பக்கத்தில் சிலிண்டர். இறக்கிய குழம்புச் சட்டி பிரிமனையின் மேல், அதுவும் தரையில். அதே தரையில் குழந்தை தவழ்கிறது. சமையலறை என்று தனியே ஒன்று இல்லாதபோது, சமையலறைப் பக்கம் விடாதே என்ற அறிவுரைக்கு அங்கே பொருள் இல்லை.

அடுப்பங்கரையை ஒட்டியே உத்தரத்தில் தூளி தொங்கும். ஒரு கையால் கரண்டியைக் கிளறிக்கொண்டு மறு கையால் தூளியை ஆட்டத்தான் அப்படிக் கட்டுகிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் தூளி கட்டிய புடவை பெரும்பாலும் பாலியெஸ்டர். அது பற்றினால் உருகிக் குழந்தையின்மேல் சொட்டும். தூளியைச் சுவரின் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றி, ஒரு நீளக் கயிற்றைக் கட்டி இழுத்து ஆட்டலாம். பணம் செலவில்லாத மாற்றம் இது.

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வழக்கம். தூபக்காலில் இருப்பது கனன்றுகொண்டிருக்கும் கரி. அதைக் குழந்தையின் கீழே வைத்துவிட்டுத் துணியைப் போர்த்துவது ஆபத்து. தரையில் வைத்த கொசுவர்த்திச் சுருள்மேல் இரவில் கட்டிலிலிருந்து போர்வை நழுவி விழுவதும் அப்படியே. புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு நல்லதன்று. கொசுவலை இரண்டு தீமைகளையும் தவிர்க்கும்.

குளியலறையில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்றே. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசை மாறினால், வெந்நீர் வாளியை வைத்துவிட்டுத் துண்டு எடுக்கத் திரும்பும் நேரத்தில் பிள்ளை கையை விடும், அல்லது தவறி அதிலேயே உட்கார்ந்துவிடும். கொதிக்கும் பானையைச் சமையல் இடத்திலிருந்து குளிக்கும் இடத்துக்குத் தூக்கிப்போகும்போது பிள்ளைகள் வேறிடத்தில் இருக்க வேண்டும். வாளியில் போடும் ஹீட்டர் ராடு சுடுவதோடு மின்சாரத்தையும் பாய்ச்சும் என்பதால், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை வைத்துக்கொள்ளாமலிருப்பதே மேல். கீசர் வைத்திருப்பவர்கள் அதன் அளவை 50 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடலாம். 1983இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், வீடுகளில் பொருத்தும் புதிய வாட்டர் ஹீட்டர்களை 49 டிகிரியில் வைத்தே பொருத்த வேண்டும் என்று சட்டம் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே குழாய் வெந்நீரால் வெந்து மருத்துவமனையில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதியளவுக்குக் குறைந்தது. அங்கிருந்த தாய்மார் திடீரென்று கவனசாலிகள் ஆகிவிடவில்லை. ஒரு திருகு கொஞ்சம் திருப்பப்பட்டது.

வீட்டில் சமையல் மேடை இருப்பவர்களுக்கும் சில வார்த்தை. வாணலியின் கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்கட்டும். கொதிப்பது பின்பக்க பர்னரில் இருக்கட்டும். மேஜை விரிப்பின் ஓரம் தொங்க வேண்டாம், ஏனென்றால் எழுந்து நிற்கப் பிடிமானம் தேடும் பிள்ளை அதைத்தான் பிடிக்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காப்பி குடிப்பதும் தாளிப்பதும் வேண்டாம். சமையலறை வாசலில் இடுப்பளவுக்கு ஒரு பாதிக் கதவு போட்டுவிட்டால், அம்மாவைப் பிள்ளையும் பிள்ளையை அம்மாவும் பார்க்கலாம், உள்ளே மட்டும் வர முடியாது. நம் பக்கத்துத் தச்சரால் பழைய பலகையிலேயே செய்துவிட முடியும்.

கார்த்திகைத் தீபத்தன்று படியிலும் தரையிலும் அகல் வரிசையாக எரியும். பட்டுப்பாவாடை கட்டிய சிறுமி அதற்கு நடுவே ஓடுவாள். பருத்தியும் பற்றி எரியும், நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எந்தத் துணியானாலும் தரை தொடும் தொங்கல் ஓரமே ஆபத்து. விளக்கு ஏற்றும் நேரத்துக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கும் உடை போதும். தீபாவளிக்கு எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பு சிவப்பு மாறிய பிறகும் நெடுநேரம் சுடும். அதைத் தரையில் எறிந்தால் வெறுங்காலோடு வரும் அடுத்த பிள்ளை மிதிக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், எரிந்த கம்பி ஒவ்வொன்றும் அதற்குள்ளே. எரியாத புஸ்வாணத்தைக் குனிந்து பார்க்கவே கூடாது. பிறந்தநாள் மெழுகுவத்திக்கு அருகில் நுரை தெளிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், அதிலுள்ள வாயு பற்றிக்கொள்ளும்.

பழியிலிருந்து பொறுப்புக்கு

பெற்றோரைத் தண்டித்தால் விபத்து குறையும் என்று நம்பிய நாடுகள் உண்டு. பிரிட்டனில் வீடுதோறும் கணப்படுப்பு எரிந்தது. திறந்த நெருப்பருகே பிள்ளைகளின் இரவு உடையில் தீப்பிடிப்பது அன்றாடச் செய்தி. 1908இல் வந்த குழந்தைகள் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. தடுப்பு இல்லாத கணப்புள்ள அறையில் ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை விட்டு, அது இறந்தாலோ கடுமையாகக் காயமுற்றாலோ, பெற்றோருக்கு 10 பவுண்டு வரை அபராதம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடமே அபராதம் கேட்ட சட்டம் அது. அதற்குப் பின்னும் குழந்தைகள் எரிந்துகொண்டுதான் இருந்தார்கள்.

லியனார்ட் கோல்புரூக் என்ற மருத்துவரை இங்கே நினைக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சலால் தாய்மார் இறப்பதைச் சல்ஃபா மருந்தால் தடுக்க முடியும் என்று 1930களில் காட்டியவர். 1940களில் பர்மிங்ஹாம் விபத்து மருத்துவமனையில் தீக்காயப் பிரிவை நடத்தினார். நோய்த்தொற்றைக் குறைப்பதில் பெரும் வெற்றி கண்ட அவர், காயமே ஏற்படாமல் தடுப்பதுதான் முதல் வேலை என்ற முடிவுக்கு வந்தார். ஹீட்டர்களைத் தடுப்புக் கம்பிவலை இல்லாமல் விற்கக் கூடாது என்று வலியுறுத்தி எழுதினார், பேசினார், அரசின் கதவைத் தட்டினார். 1952இல் அதற்கான சட்டம் வந்தது. வாயு, மின்சார, எண்ணெய் ஹீட்டர்களைத் தடுப்போடு விற்பது வணிகரின் கடமை ஆயிற்று. 1908ஆம் ஆண்டுச் சட்டம் தாயைப் பார்த்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் பொருளைப் பார்த்தது. இந்த இரண்டுக்கும் நடுவே கடந்த 44 ஆண்டுகளை நாம் மீண்டும் செலவழிக்க வேண்டியதில்லை.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. இலங்கையில் மின்சாரம் எட்டாத வீடுகளில் காலிப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டு எரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து வந்த தலைமுறைக்கு அந்த வெளிச்சத்தின் அருமை தெரியும். கழுத்து நீண்ட போத்தல் விளக்கு ஒரு பிள்ளையின் கை பட்டாலே சாயும். மூடி கழன்று எண்ணெய் கொட்டும், பாய் பற்றும். அப்படி எரிந்து வந்தவர்களுக்கு அறுவை செய்துகொண்டிருந்த மருத்துவர் விஜய கொடகும்புர, விளக்கையே மாற்ற முடிவு செய்தார். குட்டையாக, கனமான கண்ணாடியில், உருளாதபடி இரு பக்கமும் தட்டையாக, திருகி மூடும் உலோக மூடியுடன் ஒரு விளக்கை வடிவமைத்தார். குட்டையான மார்மைட் போத்தல் அந்த வடிவத்துக்கு வழிகாட்டியது. சாய்ந்தாலும் எண்ணெய் சிந்தாது, விழுந்தாலும் எளிதில் உடையாது. 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த அந்த முயற்சிக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு மலிவு விலையில் அந்த விளக்கு போய்ச் சேர்ந்தது. ஏழைத் தாய்மாரைக் கடிந்துகொள்வதில் அவர் ஒரு நாளையும் வீணாக்கவில்லை.

அமெரிக்காவில் 1994 முதல் சிகரெட் லைட்டர்கள், ஐந்து வயதுக்கு உட்பட்ட நூறு பிள்ளைகளில் குறைந்தது 85 பேரால் பற்றவைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதன் பிறகு லைட்டரோடு விளையாடிப் பிள்ளைகள் மூட்டும் தீ வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டின் தீப்பெட்டிகளில் பெரும்பகுதி கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் நம் மக்களின் கையால் செய்யப்படுகிறது. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்று ஒவ்வொரு பெட்டியின் ஒட்டுத்தாளிலும் தமிழில் அச்சிட ஒரு பைசாகூட அதிகமாகாது.

கும்பகோணம்

தமிழ்நாட்டில் குழந்தையையும் தீயையும் பற்றிப் பேசும் எவரும் 2004 ஜூலை 16ஐக் கடந்துபோக முடியாது. கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் சத்துணவு சமைத்த இடத்திலிருந்து எழுந்த தீ கீற்றில் பற்றியது. மாடியில் கீற்றுக் கூரைக்குக் கீழே தொடக்க வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கி ஓடப் போதிய வழியில்லை. 94 குழந்தைகள் இறந்தார்கள். நீதிபதி சம்பத் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன.

அந்தக் காலையில் அடுப்பு மூட்டியவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும், தீப்பொறிக்கு மேலே காய்ந்த ஓலையும், ஓலைக்குக் கீழே நெருங்கி அமர்ந்த பிஞ்சுகளும், வெளியேற இடுக்கான வழியும் ஒருநாள் சேர்ந்தே தீரும். பள்ளிகளில் நாம் அந்தப் பாடத்தைக் கற்றோம், மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றோம். ஆனால் அதே அமைப்பு, ஓலைக்கூரையின் கீழே திறந்த அடுப்பும் ஒரே ஒரு வாசலும், நம் குடிசைகளில் இன்னும் இருக்கிறது. பள்ளியில் கூடாதது வீட்டிலும் கூடாது. குடிசையைக் கல்வீடாக மாற்றும் திட்டங்களைக் குழந்தை உயிர்காப்புத் திட்டங்களாகவும் நாம் பார்க்க வேண்டும். மாறும்வரை, அடுப்புக்கு நேர்மேலே ஒரு தகரத் தட்டியாவது வேண்டும்.

எரிவாயு அடுப்பின் இடம்

தமிழ்நாட்டில் 2007இல் இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கினார்கள். நாடு முழுவதற்குமான உஜ்வலா திட்டம் 2016 மே 1இல் உத்தரப் பிரதேசத்தின் பாலியாவில் தொடங்கியது. விறகுப் புகையிலிருந்தும் பம்ப் ஸ்டவ் வெடிப்பிலிருந்தும் பெண்களையும் பிள்ளைகளையும் மீட்ட நல்ல காரியங்கள் இவை. ஆனால் அடுப்பு வந்த பல வீடுகளில் மேடை வரவில்லை. விறகடுப்பு இருந்த தரையிலேயே எரிவாயு அடுப்பும் உட்கார்ந்தது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படரும், அதாவது பாய் விரித்துப் பிள்ளை தூங்கும் மட்டத்தில் தேங்கும். அதற்கென்று சொந்த மணம் கிடையாது. நாம் அறியும் அந்தக் கெட்ட நாற்றம் எச்சரிக்கைக்காகச் சேர்க்கப்படும் மெர்காப்டன் என்ற பொருளுடையது. நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள், சன்னலைத் திறந்துவிடுங்கள். மின்சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும் என்பது எரிவாயு நிறுவனங்களின் விதியே. ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சமைத்து முடித்ததும் அடுப்பின் குமிழை மட்டும் அணைத்தால் போதாது, ரெகுலேட்டரையும் மூட வேண்டும், ஏனென்றால் குமிழைத் திருகிப் பார்ப்பது பிள்ளைக்கு விளையாட்டு.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் எரியும் எண்ணெய் தெறித்து அறையெங்கும் சிதறும். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள்.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவை

மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிப் பயனில்லை, தூரம்தான் காப்பு. நான்கு வயதிலிருந்து சொல்லலாம். தீப்பெட்டியோ லைட்டரோ கண்ணில் பட்டால் தொடாமல் பெரியவர்களிடம் வந்து சொல்ல வேண்டும், சொன்னால் அடி விழாது, பாராட்டு கிடைக்கும். அடிக்கு அஞ்சும் பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளிந்து தீக்குச்சி உரசும். தீப்பிடித்தாலும் அங்கேயே போய் ஒளிந்துகொள்ளும். தீயணைப்பு வீரர்கள் பிள்ளைகளைத் தேடுவது கட்டிலடியிலும் பீரோ இடுக்கிலும்தான். தீ என்றால் ஒளியக் கூடாது, வெளியே ஓட வேண்டும், புகை இருந்தால் தவழ்ந்து போக வேண்டும், வேப்பமரத்தடி போன்ற ஓரிடத்தில் எல்லோரும் கூட வேண்டும் என்று வீட்டில் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். பொம்மைக்காகவோ புத்தகத்துக்காகவோ யாரும் திரும்ப உள்ளே போகக் கூடாது. உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, ஓட்டம் காற்றைத் தந்து தீயை வளர்க்கும். நின்று, முகத்தைக் கையால் மூடித் தரையில் படுத்து உருள வேண்டும். அருகிலிருப்பவர் கெட்டியான ஜமுக்காளத்தால் போர்த்தி அணைக்கலாம்.

எட்டு, பத்து வயதுச் சிறுமியிடம் அடுப்பையும் தம்பியையும் ஒருசேர ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போக வேண்டிய நிலை பல வீடுகளில் இருக்கிறது. அந்தச் சிறுமியும் குழந்தைதான். அங்கன்வாடி மாலைவரை திறந்திருந்தால் அவள் புத்தகத்தோடு உட்காருவாள், அவள் தம்பி அடுப்பிலிருந்து விலகியிருப்பான்.

சுட்டுவிட்டால்

இத்தனைக்குப் பிறகும் விபத்து நேரலாம். அப்போது செய்ய வேண்டியது தண்ணீர் ஊற்றுவது. ஓடும் குழாய் நீரைச் சுட்ட இடத்தில் 20 நிமிடம் விடுங்கள். குழாய் இல்லாத வீட்டில் குடத்து நீரைச் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றுங்கள். உடனே செய்ய முடியாமல் போனாலும், சுட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. காயத்தின் ஆழத்தைக் குறைக்க வீட்டில் கிடைக்கும் மருந்து இதற்கு இணையாக ஒன்றுமில்லை. ஐஸ் வேண்டாம், அது மெலிந்த தோலை இன்னும் கெடுக்கும். கைக்குழந்தைக்குச் சுட்ட இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடலை உலர்ந்த துணியால் போர்த்திக் கதகதப்பாக வைத்திருங்கள்.

நனைந்த உடையை உடனே கழற்றுங்கள், தோலோடு ஒட்டியிருப்பதைப் பிய்க்காதீர்கள். வளையல், கொலுசு, அரைஞாண் கயிறு ஆகியவற்றை வீக்கம் வருவதற்குள் எடுத்துவிடுங்கள். வீங்கிய பிறகு அவை ரத்த ஓட்டத்தை நெரிக்கும். பேனா மை, பற்பசை, காப்பித்தூள், மஞ்சள், இட்லி மாவு, வெண்ணெய், முட்டை எதுவும் வேண்டாம். அன்பினால் பாட்டி தடவும் அந்தப் பூச்சு சூட்டை உள்ளே அடைக்கும், கிருமியைக் கொண்டுவரும், காயத்தின் ஆழத்தை மருத்துவர் பார்க்க முடியாமல் மறைக்கும். கொப்பளத்தைக் குத்தாதீர்கள். துவைத்து உலர்த்திய சுத்தமான துணியால் மூடி, 108ஐ அழையுங்கள். குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயமும், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் பட்ட காயமும், மின்சாரத்தால் வந்த காயமும் சிறியதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும்.

செய்யக்கூடியவை

நிறைவாகச் சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

ஒன்பதாவது மாதத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்காக நம் பிள்ளைகளைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பிள்ளை தவழ்ந்து, பிடித்து எழுந்து நிற்கத் தொடங்குவதும் அதே காலம்தான். அன்று செவிலியர் நான்கு கேள்வி கேட்கட்டும். அடுப்பு தரையிலா, மேடையிலா? இறக்கிய பாத்திரத்தை எங்கே வைக்கிறீர்கள்? குழந்தையைத் தடுக்க ஏதாவது தடுப்பு இருக்கிறதா? சுட்டுவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விகளைத் தாயிடம் மட்டும் கேட்காமல், கூட வந்திருக்கும் தந்தையிடமும் பாட்டியிடமும் கேட்க வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் செவிலியர் மாணவியரும் மாணவரும் பணிக்குச் செல்லும் நாளிலேயே இதைத் தொடங்கலாம், அதற்கு எந்த ஆணையும் வர வேண்டியதில்லை.

எரிவாயு இணைப்பு கொடுக்கும்போது மேடை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கட்டும். இல்லாத வீட்டுக்கு ஒரு கடப்பைக்கல் பலகையும் அதைத் தாங்கச் செங்கல்லும் சேர்த்தே போகட்டும். அடுப்பைத் தந்த அரசு அதை வைக்கும் இடத்தையும் தருவது முறை. அரசு கட்டித்தரும் குடியிருப்புகளில் சமையல் இடத்துக்குப் பாதிக் கதவும் வரைபடத்திலேயே இருக்கட்டும். வாடகைக்கு விடுபவர்கள் மேடையில்லாத அறையை விடாமலிருக்கட்டும். தீக்காயத்துக்கு 20 நிமிடத் தண்ணீர் என்ற ஒற்றைச் செய்தி தொடக்கப்பள்ளிப் பாடத்தில் ஏறட்டும், பிள்ளைகளே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

உங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்பது இதுதான். இனி ஒரு வீட்டில் குழந்தைக்குச் சூடுபட்டது என்று கேள்விப்பட்டால், அம்மா எங்கே போயிருந்தாள் என்று கேட்காதீர்கள். அடுப்பு எங்கே இருந்தது என்று கேளுங்கள். முதல் கேள்வி ஏற்கெனவே நொந்த ஒருத்தியை மேலும் வதைக்கும், அடுத்த குழந்தைக்கு எந்த நன்மையும் செய்யாது. இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலை ஒரு கொத்தனார் ஒரே பகலில் சரிசெய்துவிடுவார். அந்தத் தெருவில் உள்ள மற்ற வீடுகளையும் அதே வாரத்தில் சரிசெய்துவிடலாம்.